கால் ரத்தக்குழாய் அடைப்பு யாருக்கு வரும், ஏன் வரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால் ரத்தக்குழாய் அடைப்பும் நரம்புக் கோளாறும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் பேச்சு வழக்கு. புறங்கையில் புடைத்து நிற்கும் சிரையும் நமக்கு 'நரம்பு'தான். சுளுக்குப் பிடித்தால் 'நரம்பு இழுத்துக்கொண்டது'. கால் மரத்துப்போனால் 'நரம்புத் தளர்ச்சி'. அதனால் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறவர் தானே 'நரம்பு' என்று முடிவுகட்டி, மருந்துக்கடையில் பி12 மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறார். அடைப்பு அதுபாட்டுக்கு வளர்கிறது.

இங்கே பேச்சு தமனியைப் பற்றியது. அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய். பெருந்தமனி தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் இடுப்பு வழியாகத் தொடையில் இறங்கி, முழங்காலின் பின்புறம் போய், அதற்குக் கீழே மூன்றாகப் பிரிந்து பாதத்தை அடைகிறது. இந்தப் பாதையின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் படிந்து வழி குறுகுவதைப் புறத்தமனி நோய் என்கிறார்கள். மருத்துவமனைச் சீட்டில் 'பிஏடி' அல்லது 'பிவிடி' என்று இருக்கும். மாரடைப்பை உண்டாக்கும் அதே படிவுதான் இது, இடம்தான் வேறு.

இந்த வலியை மற்ற கால் வலியிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

அடைப்பினால் வரும் வலிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஏறக்குறைய ஒரே தூரம் நடந்ததும் வரும். நின்றால் போதும், உட்காரக்கூட வேண்டாம், சில நிமிடங்களில் போய்விடும். பத்து நிமிடத்துக்கு மேல் நீடிக்காது. மறுபடி நடந்தால் அதே தூரத்தில் அதே இடத்தில் பிடிக்கும். மேடு ஏறினாலோ வேகமாக நடந்தாலோ முன்கூட்டியே வரும்.

தண்டுவடப் பாதை குறுகியவருக்கும் நடந்தால் கால் வலிக்கும். ஆனால் அவருக்கு நின்றால் போகாது. உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிய வேண்டும். சைக்கிள் ஓட்டச் சொன்னால் வலியில்லாமல் ஓட்டுவார், ஏனென்றால் சைக்கிளில் முதுகு வளைந்திருக்கிறது. சுருள் சிரை உள்ளவருக்கு நெடுநேரம் நின்றால் கால் கனக்கும், தலையணை வைத்து உயர்த்தினால் இதமாக இருக்கும். தமனி அடைப்பு முற்றியவருக்கு இது அப்படியே தலைகீழ். காலை உயர்த்தினால் வலிக்கும், கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் குறையும். சிலர் இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குவார்கள். தொங்கவிட்ட கால் வீங்கும். அந்த வீக்கத்தை 'நீர் கோத்திருக்கிறது' என்று நீர் பிரிய மாத்திரை கொடுத்துச் சமாளிப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

வலி வரும் இடம் அடைப்பு இருக்கும் இடத்துக்கு ஒரு படி கீழே. பிட்டமும் தொடையும் பிடித்தால் இடுப்புத் தமனி, ஆடுசதை பிடித்தால் பெரும்பாலும் தொடைத் தமனி.

முதல் காரணம் எது?

புகை. இரண்டாவது சர்க்கரை. மற்றவை அதற்குப் பிறகுதான். புகை இதயத்தைக் கெடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அது இதயத்தைவிடக் கால் தமனியை இன்னும் கடுமையாகத் தாக்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. புகைப்பவருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 முதல் 4 மடங்கு. நாளுக்கு எத்தனை, எத்தனை வருடம் என்பதைப் பொறுத்து இன்னும் ஏறும்.

புகை ஒரே நேரத்தில் நாலு வேலை செய்கிறது. நிக்கோடின் குழாயைச் சுருக்குகிறது. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. புகையில் வரும் மற்ற ரசாயனங்கள் குழாயின் வழவழப்பான உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் குணம் கூடுகிறது. ஏற்கெனவே பாதி அடைத்த குழாயில் இந்த நாலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பீடி இயற்கையான இலைதானே, அதுவுமா?

அதுவும்தான். ஒரு பீடியில் இருக்கும் புகையிலை சிகரெட்டில் இருப்பதில் சுமார் கால் பங்கு. ஆனால் பீடி இலையில் சிகரெட் தாளைப்போல் நுண்துளைகள் இல்லை. இழுக்காமல் வைத்தால் அணைந்துபோகும். அதனால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் உள்ளே போகும் நிக்கோடினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைவில்லை, பல அளவீடுகளில் அதிகம்.

'நாளைக்கு இரண்டு கட்டு குடித்தேன், இப்போது நாலே நாலு பீடிதான்' என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. குறைத்தது நல்லதுதான். ஆனால் குழாய்க்குக் கிடைக்கும் பாதுகாப்பு பீடியின் எண்ணிக்கையோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. சில பீடிகளே சுருக்கத்தையும் உறைதலையும் தொடர்ந்து நடத்தப் போதுமானவை.

விட்டுவிட்டால் எத்தனை நாளில் ஆபத்து போகும்?

மாரடைப்பு ஆபத்து விட்ட சில வருடங்களிலேயே கணிசமாக இறங்குகிறது. கால் தமனி அவ்வளவு சீக்கிரம் மன்னிப்பதில்லை. அமெரிக்காவில் பல ஆண்டுகள் தொடர்ந்த ஏரிக் ஆய்வின் 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி, புகையை விட்டவருக்கு இதய நோயின் கூடுதல் ஆபத்து சுமார் 20 ஆண்டுகள் வரையும் கால் தமனி நோயின் கூடுதல் ஆபத்து 30 ஆண்டுகள் வரையும் தென்பட்டது. 'நான் விட்டுப் பத்து வருஷம் ஆச்சே' என்பவரிடமும் மருத்துவர் பழைய கணக்கைக் கேட்பது இதனால்தான். எத்தனை வயதில் தொடங்கினீர்கள், நாளுக்கு எத்தனை, எப்போது விட்டீர்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள்.

இதைப் படித்து, 'அப்படியானால் விட்டு என்ன பயன்' என்று நினைக்க வேண்டாம். விட்டவருக்கு நோய் முற்றும் வேகம் குறைகிறது. பைபாஸோ ஸ்டென்டோ வைத்தவருக்கு அது அடைக்காமல் நிற்கும் வாய்ப்பும் கூடுகிறது.

விடும்போது எங்கே தவறுகிறது என்றால், புகைக்குப் பதிலாகக் கொடுக்கும் நிக்கோடின் சூயிங்கம்மை மெல்லும் விதத்தில். அதைச் சாதாரண பபிள்கம் போலச் சவைத்தால் நிக்கோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் எரிச்சலும்தான் வரும். மெதுவாக மெல்லுங்கள். நாக்கில் காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். ஒன்றை இப்படி அரை மணி நேரம் வைத்திருக்கலாம். அதற்கு முந்தைய கால் மணி நேரம் காபி, பழச்சாறு வேண்டாம். எழுந்த அரை மணிக்குள் முதல் பீடியோ சிகரெட்டோ பற்றவைக்கிறவருக்கு 2 மி.கி. போதாது, 4 மி.கி. தேவைப்படும், மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். புகையிலை நிறுத்த இலவச உதவி எண் 1800-11-2356. சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும்.

முப்பத்தைந்து வயதுதான், சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை. விரல் நுனி கறுத்துவிட்டது. எப்படி?

புகைப்பவர் என்றால் முதலில் நினைக்க வேண்டியது பர்ஜர் நோய். இது கொழுப்புப் படிவு அல்ல. கை, கால்களின் சிறிய, நடுத்தரக் குழாய்களில் வரும் அழற்சி, அதன்மேல் உறையும் ரத்தம். பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்கும். கிட்டத்தட்ட எல்லா நோயாளிகளும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள். பீடி குடிக்கும் இளைஞர்கள் நிறைந்த இந்தியாவில் இது மேலை நாடுகளைவிட அதிகம். கால் விரலோடு கை விரலும் குளிர்ந்து நிறம் மாறினாலோ, தோலுக்கடியில் சிரை சிவந்து கயிறு மாதிரி தடித்து, ஓரிடத்தில் அடங்கி வேறிடத்தில் கிளம்பினாலோ சந்தேகம் வலுக்கும்.

இதற்கு நிரூபிக்கப்பட்ட மருந்து ஒன்றே ஒன்று: புகையிலையை முழுவதுமாக விடுவது. நாளுக்கு ஒன்று, இரண்டு என்றாலும் நோய் அணையாது. முற்றிலும் விட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் விரலையும் காலையும் காப்பாற்றிக்கொள்கிறார்கள். தொடர்பவர்கள் ஒவ்வொரு விரலாக இழக்கிறார்கள். இன்னொரு நுணுக்கம்: மேலே சொன்ன நிக்கோடின் சூயிங்கம்மும், தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டையும் பர்ஜர் நோயாளிக்குப் பொருந்தாமல் போகலாம். நிக்கோடினே நோயைத் தூண்டிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால் மருத்துவர்கள் வேறு வழியில் விடவைப்பார்கள்.

இளம் பெண்ணுக்குக் கையில் நாடி கிடைக்கவில்லை, இரண்டு கைக்கும் பிரஷர் வெவ்வேறாகக் காட்டுகிறது என்றால் அது டகாயாசு தமனி அழற்சியாக இருக்கலாம். அதற்கும் புகைக்கும் சம்பந்தமில்லை. நியூயார்க்கில் லியோ பர்ஜரும் ஜப்பானில் கண் மருத்துவர் மிகிடோ டகாயாசுவும் தங்கள் நோயாளிகளை விவரித்தது ஒரே ஆண்டில், 1908-ல்.

சர்க்கரை நோய் காலை எப்படிக் கெடுக்கிறது?

இரண்டு பக்கத்திலிருந்து. நரம்பைக் கெடுத்து உணர்ச்சியைப் போக்குகிறது. தமனியைக் கெடுத்து ரத்தத்தைக் குறைக்கிறது. முள் குத்தியது தெரிவதில்லை. தெரிந்த பிறகு புண் ஆறுவதில்லை.

புகையினால் வரும் அடைப்பு பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் உட்காரும். சர்க்கரையினால் வருவது முழங்காலுக்குக் கீழே, அந்த மூன்று மெல்லிய கிளைகளில். தொடையில் ஓர் இடத்தில் அடைத்தால் பலூன், ஸ்டென்ட், பைபாஸ் என்று வழிகள் உண்டு. கணுக்கால் வரை நீளமாகக் குறுகிய மெல்லிய குழாயில் அதே வேலை மிகக் கடினம், திறந்தாலும் மறுபடி மூடிக்கொள்ளும். சர்க்கரை நோயாளிக்குக் கால் எடுக்கும் நிலை அதிகம் வருவதற்கு இந்த இடமும் ஒரு காரணம்.

அளவு முக்கியம். பிரிட்டனில் இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்த யுகேபிடிஎஸ் ஆய்வில், எச்பிஏ1சி என்ற சர்க்கரை அளவு ஒவ்வொரு 1 புள்ளி கூடும்போதும் கால் தமனி நோய் ஆபத்து 28 சதவீதம் கூடியது. 7-ல் இருப்பவருக்கும் 10-ல் இருப்பவருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிப் பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில் பார்த்த ஒரு எண்ணை வைத்துத் திருப்திப்பட வேண்டாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சிதான் இங்கே கணக்கு.

நம் பக்கத்துக் கணக்கும் உண்டு. 2000-ல் வெளியான சென்னை நகர ஆய்வு ஒன்றில் மொத்தத்தில் 3.2 சதவீதம் பேருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 6.3 சதவீதம் பேருக்கும் கால் தமனி நோய் இருந்தது. இவை மேலை நாட்டு எண்களைவிடக் குறைவு. இதைக் காட்டி 'நமக்கு இது வராது' என்று சொல்ல முடியாது. இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் சுமார் 10 கோடி. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின் கணக்கு இது. சிறிய சதவீதமும் அங்கே பெரிய கூட்டம்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது, ஆனால் நடந்தால் வலியே இல்லை. அப்படியானால் அடைப்பு இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. நரம்பு மரத்துப்போனவருக்கு வலி தெரியாது. முட்டி வலியால் வீட்டோடு இருப்பவருக்கு வலி வரும் தூரம் நடக்கவே வாய்ப்பில்லை. பொதுவாகவே இந்த நோய் உள்ளவர்களில் புத்தகத்தில் சொன்னபடி 'நடந்தால் வலி, நின்றால் போகும்' என்று வருபவர்கள் சிறுபான்மைதான். பலருக்கு முதல் அறிகுறியே ஆறாத புண். செருப்புக் கடித்தது, நகம் வெட்டும்போது கொஞ்சம் சதை போனது, மெட்டி இறுகி விரலிடுக்கில் புண் என்று தொடங்கும். இரண்டு வாரமாகியும் ஆறாத பாதப் புண்ணுக்கு மஞ்சளும் களிம்பும் மாற்றிக்கொண்டிருக்காமல் ரத்த ஓட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் போகாத இடத்துக்கு ஆன்டிபயாட்டிக்கும் போகாது.

பிரஷர் எவ்வளவு பங்கு வகிக்கிறது?

தனியாக எடுத்தால் புகை, சர்க்கரை அளவுக்கு இல்லை. ஆனால் அது பரவலாக இருப்பதால் மொத்தத்தில் பெரிய பங்கு. மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வில் மேல் எண் ஒவ்வொரு 10 கூடும்போதும் ஆபத்து 25 சதவீதம் ஏறியது. நோய் உள்ளவர்களுக்குப் பொதுவான இலக்கு 130/80-க்குக் கீழே.

ஒருமுறையாவது இரண்டு கைகளிலும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் இரண்டு கைகளுக்கும் இடையே 15 அல்லது அதற்கு மேல் வித்தியாசப்பட்டால் எங்கோ தமனி குறுகியிருக்கலாம், கால் உட்பட. இதற்குச் செலவு இல்லை, ஒரு நிமிட வேலை, ஆனாலும் எப்போதும் ஒரே கையில் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். இன்னொன்று: பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் 'பீட்டா பிளாக்கர்' மாத்திரை கால் வலியைக் கூட்டும் என்பது பழைய பயம். இதயத்துக்காக எழுதிக் கொடுத்திருந்தால் கால் வலிக்குப் பயந்து நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கொழுப்பு எண் நார்மல் என்று லேப் ரிப்போர்ட் சொல்கிறது. மாத்திரை எதற்கு?

லேப் தாளில் இருக்கும் 'நார்மல்' நோயில்லாதவருக்கானது. கால் தமனியில் படிவு உண்டாகிவிட்டவருக்கு இலக்கு வேறு: 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல் 70-க்குக் கீழே, ஐரோப்பிய வழிகாட்டி 55-க்குக் கீழே என்கிறது. கொழுப்புக்குக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எண்ணைக் குறைப்பதோடு, இருக்கும் படிவு வெடிக்காமல் உறுதிப்படவும் உதவுகிறது. ஆகவே எண் இறங்கியதும் மாத்திரையை நிறுத்தினால் மறுபடி ஏறும்.

ஸ்டாட்டினால் சிலருக்குத் தசை வலி வரும். அது அடைப்பு வலியிலிருந்து வேறு. இரண்டு பக்கமும் தொடை, தோள் என்று பெரிய தசைகளில் வரும், உட்கார்ந்திருந்தாலும் இருக்கும்.

குடும்பத்தில் 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால் 'லிப்போபுரோட்டீன் சின்ன ஏ' என்ற பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறை செய்துகொள்வது நல்லது. அது பரம்பரையில் வருவது, சாப்பாட்டால் பெரிதாக மாறாது. 50 மி.கி.க்கு மேல் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும் என்று பொருள். ரத்தத்தில் உள்ள ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் பற்றியும் கேட்கிறார்கள். அது கூடியவர்களுக்கு நோய் அதிகம் காணப்படுவது உண்மை. ஆனால் பி12, ஃபோலிக் அமிலம் கொடுத்து அதை இறக்கியதால் மாரடைப்பு போன்றவை குறைந்ததாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை.

கிட்னி பழுதானவர்களுக்கு?

ஆபத்து அதிகம், டயாலிசிஸ் எடுப்பவர்களுக்கு மிக அதிகம். இவர்களுக்குத் தமனிச் சுவரின் நடு அடுக்கில் சுண்ணாம்பு படிந்து குழாய் குச்சிபோல் விறைத்துவிடும். புண் ஆறும் திறனும் குறைவு.

வயது, பரம்பரை, பெண்கள்?

50-க்கு மேல் ஏறத் தொடங்கி, 65-க்கு மேல் வேகமெடுக்கிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் வாய்ப்பு கூடும். பெண்களுக்கு இது குறைவு என்பது தவறான நம்பிக்கை. மாதவிடாய் நின்ற பிறகு ஆண்களுக்குச் சமமாக வருகிறது. வித்தியாசம் அறிகுறியில்தான். 'கால் அசதி', 'கால் உளைச்சல்', 'முன்னே மாதிரி நடக்க முடியலை' என்று சொல்வார்கள். கேட்பவர் முட்டித் தேய்மானம் என்று எழுதிவிடுவார்.

இரண்டு மூன்று காரணம் ஒருவருக்கே இருந்தால்?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி. அமெரிக்காவில் மருத்துவத் துறையில் வேலை செய்த சுமார் 45,000 ஆண்களை 20 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2012-ல் வெளியிட்ட ஆய்வு புகை, சர்க்கரை, பிரஷர், கொழுப்பு என்ற நான்கை மட்டும் கணக்கெடுத்தது. எதுவும் இல்லாதவர்களில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 9 பேருக்குக் கால் தமனி நோய் வந்தது. ஒன்று இருந்தால் 23. இரண்டு என்றால் 47. மூன்றுக்கு 92. நான்கும் இருந்தால் 186.

அதாவது ஒவ்வொன்றும் சேரும்போது ஆபத்து இரட்டிக்கிறது, கூட்டல் கணக்கு அல்ல. நோய் வந்தவர்களில் 96 சதவீதம் பேருக்கு இந்த நான்கில் ஒன்றாவது இருந்தது. இதைத் திருப்பிப் படித்தால் நல்ல செய்தி: நான்கில் ஒன்று குறைவாக உள்ளவருக்கு ஆபத்து ஏறக்குறைய பாதிதான். சர்க்கரையைப் போக்க முடியாது. புகையைப் போக்க முடியும். சர்க்கரையும் புகையும் உள்ள ஒருவர் சாப்பாட்டில் அரிசியை அளந்து சாப்பிட்டுவிட்டு வாசலில் நின்று பற்றவைப்பதைப் பார்த்தால், எதை முதலில் கழற்ற வேண்டும் என்று சொல்லத் தோன்றும்.

யார் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்? என்ன பரிசோதனை?

65 வயதுக்கு மேற்பட்டவர்கள். 50 முதல் 64 வரையில், மேலே சொன்ன காரணங்களில் ஒன்றாவது அல்லது குடும்ப வரலாறு உள்ளவர்கள். 50-க்குக் கீழே என்றால், சர்க்கரையோடு இன்னொரு காரணமும் உள்ளவர்கள். ஏற்கெனவே இதயத்திலோ கழுத்துத் தமனியிலோ அடைப்பு கண்டவர்கள் எந்த வயதிலும்.

முதல் பரிசோதனை ஸ்கேன் அல்ல, 'ஏபிஐ'. கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுப்பது, அவ்வளவுதான். மல்லாக்கப் படுத்து 5 முதல் 10 நிமிடம் ஓய்வு. இரண்டு கைகளிலும் பார்த்து அதிகமானதை எடுக்க வேண்டும். பிறகு கணுக்காலுக்குச் சற்று மேலே பட்டை கட்டி, ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் கையடக்க டாப்ளர் கருவியால் உள் கணுக்காலுக்குப் பின்னாலும் புறங்காலிலும் உள்ள தமனிகளைக் கேட்டு, அதிகமானதை எடுக்க வேண்டும். வலது கை 150, இடது கை 144 என்றால் கணக்குக்கு 150. வலது கணுக்காலில் 102, 96 என்றால் 102. 102-ஐ 150-ஆல் வகுத்தால் 0.68.

0.90 அல்லது அதற்குக் கீழே நோய் உண்டு. 0.91 முதல் 0.99 எல்லைக்கோடு. 1.00 முதல் 1.40 சரியான அளவு. எல்லைக்கோட்டில் இருந்து, நடந்தால் வலியும் இருந்தால், நடக்கவைத்து மறுபடி எடுக்க வேண்டும். எங்கே தவறும் என்றால்: நடந்து வந்தவரை உடனே படுக்கவைத்துப் பார்ப்பது, உட்காரவைத்தே பார்ப்பது, வெளியே புகைத்துவிட்டு வந்தவரைப் பார்ப்பது, டாப்ளருக்குப் பதில் ஸ்டெதஸ்கோப் வைப்பது.

எனக்கு ஏபிஐ 1.5 என்று வந்தது. அதிகம் என்றால் நல்லதுதானே?

இல்லை, 1.40-க்கு மேல் என்றால் அந்தப் பரிசோதனை தோற்றுவிட்டது என்று அர்த்தம். சுண்ணாம்பு படிந்து விறைத்த குழாயைப் பட்டையால் அமுக்க முடியாததால் பொய்யான பெரிய எண் வருகிறது. நீண்டநாள் சர்க்கரை, கிட்னி நோயாளிகளுக்கு இது சகஜம். கால் பெருவிரல் தமனியில் இந்தச் சுண்ணாம்பு குறைவு. அதனால் சின்னப் பட்டையைப் பெருவிரலில் கட்டிப் பிரஷர் எடுத்து, அதேபோல் கை பிரஷரால் வகுப்பார்கள், 0.70 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு. 'ரிப்போர்ட்டில் எண் குறையவில்லை, ஆகவே ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது' என்று புண்ணோடு அனுப்பப்படுகிறவர்கள் இந்த ஓட்டையில்தான் விழுகிறார்கள்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடியுமா?

ஓரளவு. பெருவிரலை மேலே தூக்குங்கள், புறங்காலில் ஒரு நாண் புடைக்கும். அதற்கு வெளிப்பக்கத்தில், பாதத்தின் நடுவாக்கில், இரண்டு மூன்று விரல்களை மிருதுவாக வைத்தால் துடிப்பு தெரியும். அழுத்தினால் தெரியாது. எந்த நோயும் இல்லாத சிலருக்கும் பிறவியிலேயே இது தட்டுப்படாது. எனவே உள் கணுக்காலுக்குப் பின்னால் உள்ளதையும் பாருங்கள். இரண்டும் கிடைக்கவில்லை என்றால் ஏபிஐ எடுக்க வேண்டும்.

படுத்துக்கொண்டு காலை ஒரு நிமிடம் உயர்த்திப் பிடியுங்கள். பாதம் வெளுத்து, தொங்கவிட்டதும் மெல்ல மெல்லக் கருஞ்சிவப்பாக மாறினால் சந்தேகத்துக்குரியது. ஒரு பாதம் மட்டும் சில்லென்று இருப்பது, கெண்டைக்காலில் முடி உதிர்ந்து தோல் பளபளப்பது, நகம் தடிப்பது ஆகியவையும் கவனிக்க வேண்டியவை.

சர்க்கரை உள்ளவர்கள் தினமும் விரலிடுக்கையும் கண்ணாடி வைத்து உள்ளங்காலையும் பார்க்க வேண்டும். வெந்நீரில் கால் வைப்பது, ஒத்தடம் கொடுப்பது வேண்டாம். சூடு தெரியாமல் கொப்புளம் வரும். வீட்டுக்குள்ளும் மிருதுவான ரப்பர் அடி கொண்ட எம்சிஆர் செருப்பு போடுங்கள்.

வலித்தால் நடக்கக்கூடாதா?

நடக்க வேண்டும். வாரத்துக்கு 3 நாள், 12 வாரம். 3 முதல் 5 நிமிடத்தில் வலி வரும் வேகத்தில் தொடங்கி, வலி நடுத்தரத்தைத் தாண்டியதும் நின்று, முழுவதும் போனதும் மறுபடி. ஓய்வையும் சேர்த்து முதலில் 30 நிமிடம், பிறகு 45 முதல் 60 வரை. பாதத்தில் புண் இருந்தாலோ, ஓய்விலும் வலித்தாலோ இது பொருந்தாது. மார்பு வலி உள்ளவர்கள் முதலில் இதயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கால் போய்விடுமோ என்பதுதான் பயம்.

நடந்தால் மட்டும் வலிக்கும் நிலையில் உள்ளவர்களை ஐந்து ஆண்டுகள் பார்த்தால், நூற்றில் 70 முதல் 80 பேருக்குக் கால் வலி அப்படியே இருக்கும். காலுக்கே ஆபத்தான நிலைக்குப் போகிறவர்கள் 1 முதல் 2 பேர். ஆனால் அதே ஐந்து ஆண்டில் சுமார் 20 பேருக்கு உயிர் தப்பும் மாரடைப்போ பக்கவாதமோ வரும், 10 முதல் 15 பேர் இறந்துபோவார்கள், பெரும்பாலும் இதயத்தால். மருத்துவர் கால் வலிக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ, ஸ்டாட்டினோ எழுதி ஈசிஜி எடுக்கச் சொன்னால், தவறான இடத்தைப் பார்க்கிறார் என்று எண்ண வேண்டாம். சர்க்கரையோடு புண்ணும் வந்துவிட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் கால் உண்மையிலேயே ஆபத்தில் இருக்கிறது.

எப்போது காத்திருக்கக்கூடாது?

திடீரென்று ஒரு கால் கடுமையாக வலித்து, வெளுத்து, சில்லிட்டு, மரத்து, விரலை அசைக்க முடியாமல் போனால் அது ரத்தக்கட்டி வந்து அடைத்திருக்கலாம். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள், சிறுவயதில் வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சுமார் 6 மணி நேரம்தான் தசை தாங்கும். எண்ணெய் தேய்க்கவோ, ஒத்தடம் கொடுக்கவோ, காலை உயர்த்தி வைக்கவோ வேண்டாம். 108-ஐ அழைத்து, ரத்தக்குழாய் அறுவை வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே அதைத்தான் முதலில் கேட்பார்கள்.